மருந்துக்கு மசியாத கிருமி: காஞ்சிபுரத்துப் பத்தாம் வகுப்புக்கு யார் சொல்வது?

2025 டிசம்பர் 28 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் ஆண்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிப் பேசினார். நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற நோய்களில் இம்மருந்துகள் பலமிழந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை சொல்வதை எடுத்துக்காட்டினார். மருத்துவரைக் கேட்காமல் இவற்றை விழுங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்குச் சுமார் 40 நாட்கள் முன்பு, நவம்பர் 18 அன்று, இது தொடர்பான இரண்டாவது தேசியச் செயல்திட்டத்தை ஒன்றிய சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா வெளியிட்டிருந்தார். 2025 முதல் 2029 வரைக்குமான திட்டம் அது. முதல் திட்டம் 2017 இல் வந்து 2021 உடன் காலாவதியானது. இடையில் ஓடிப்போன நான்கு ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

திட்டமும் வேண்டுகோளும் டெல்லியில் இருக்கட்டும். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர் காய்ச்சலுக்காக உடனே எழுந்துவிட மாட்டார். பட்டுத்தறியில் கூலி சேலைக் கணக்கு. தறி நின்றால் கூலியும் நின்றது. கோர்வைச் சேலை போட்டிருந்தால் பக்கத்தில் துணைக்கு உட்காரும் ஆளின் பிழைப்பும் அன்றைக்குப் போகும். அரசு மருத்துவமனைக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பினால் அரை நாள் போய்விடும். தனியார் டாக்டர் என்றால் முதலில் ஃபீஸ், பிறகு மருந்து. ஆகவே பள்ளிவிட்டு வந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கையில் காசைக் கொடுத்து, "மெடிக்கல்ல போய் காய்ச்சலுக்கு ரெண்டு செட் மாத்திரை வாங்கிட்டு வா" என்கிறார்கள். ஒலிமுகமதுபேட்டையில் கேட்டாலும் இதே கதைதான். ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டிலும், சித்தாள் வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் இதே கதைதான்.

கடையில் நடக்கும் பேச்சும் நமக்கெல்லாம் தெரிந்ததே.

"அண்ணே, ரெண்டு செட் காய்ச்சல் மாத்திரை குடுங்க."

"யாருக்கு தம்பி?"

"அப்பாவுக்கு."

"சளி, இருமல் இருக்கா?"

"லேசா இருக்குண்ணே."

அவ்வளவுதான். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "சாப்பிட்ட பிறகு போடச் சொல்லு" என்று நீட்டுகிறார். நோயாளியைப் பார்க்காத ஒருவர் கொடுக்கிறார். நோயாளி அல்லாத ஒருவன் வாங்கிப் போகிறான். வாங்கிப் போகிறவன் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் மாணவன்.

ஆண்டிபயாடிக்கைப் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். 'இன்றைய மாணவர் நாளைய குடிமக்கள்' என்று வழக்கமான காரணத்தைச் சொல்வார்கள். நம் ஊர்களில் காரணம் இன்னும் நேரானது. மருந்துக் கடை முன்னால் நிற்பதே அந்த மாணவன்தான். நாளைக்கு என்று தள்ளிப்போட எதுவும் இல்லை.

செட்டில் காணாமல் போகும் சிவப்புக் கோடு

ஒரு செட்டில் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும், சளிக்கு ஒரு மாத்திரை இருக்கும், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருக்கும். எல்லாக் கடையும் அப்படியல்ல என்றாலும், பல வேளைகளில் அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ ஒன்றும் கூடவே விழுகிறது. இரண்டு செட் என்றால் இரண்டு வேளை. அதாவது பல நாள் எடுக்க வேண்டிய ஆண்டிபயாடிக் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் வைரஸால் வந்த சளிக் காய்ச்சலுக்கு. வைரஸை ஆண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும். பெயர் மாத்திரைக்குப் போகும்.

2016 இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் 'சிவப்புக் கோடு' பிரச்சாரத்தைத் தொடங்கியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்தின் அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்தால் டாக்டர் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நல்ல யோசனைதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அட்டையை முழுதாக வாங்குகிறவருக்குத்தான் அந்தக் கோடு கண்ணில் படும். ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துக் கவரில் போட்டால் கோட்டில் ஒரு துண்டு மிஞ்சினால் உண்டு. மருந்தின் பெயர் பாதி, காலாவதித் தேதி இன்னொரு துண்டில். செட் மாத்திரை என்ற வழக்கத்தை மனதில் வைக்காமல் வகுத்த பிரச்சாரம், செட் மாத்திரை வாங்கும் ஊரில் எடுபடாது. நாம் பார்த்தவரை இந்தச் சின்ன விஷயத்தை எந்தச் சுவரொட்டியும் தொடவில்லை.

ஆகவே வகுப்பில் ஆசிரியர் சொல்லவேண்டிய முதல் பாடம் கடையில் கேட்கவேண்டிய ஒரு கேள்வியாக இருக்கலாம்: "அண்ணே, இதுல ஆண்டிபயாடிக் இருக்கா?" இருக்கிறது என்றால், "அது வேணாம், மத்தது மட்டும் குடுங்க. ரெண்டு நாள்ல குறையலன்னா டாக்டர்கிட்ட போறோம்." இதைச் சொல்ல ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். பெரியவரிடம் எதிர்த்துப் பேசுவதுபோல் தோன்றும். அதனால் வகுப்பிலேயே ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் வாங்க வந்தவராகவும் நின்று இரண்டு முறை பேசிப் பார்த்துவிட வேண்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை.

கேரளத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆண்டிபயாடிக்கை நீல நிற உறையில் போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது அது. அங்கே 2018 இலேயே மாநில அளவில் செயல்திட்டம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆண்டிபயாடிக் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்தார்கள். நீல உறை என்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் செட் மாத்திரை ஊருக்குப் பொருந்துவது சிவப்புக் கோட்டைவிட அதுதான். நம் மாநிலமும் அதை யோசிக்கலாம்.

எதிர்ப்பு யாருக்கு?

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் மக்களிடம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் ஆண்டிபயாடிக் கேட்கும் என்று நம்பியவர்கள் மொத்தத்தில் 64 சதவீதம். இந்தியாவில் அது 75 சதவீதம். இன்னொரு கேள்விக்கு வந்த பதில்தான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. இந்தப் பிரச்சினை எப்படி உண்டாகிறது என்று கேட்டபோது, 76 சதவீதம் பேர் "நம் உடம்பு மருந்துக்குப் பழகிவிடுகிறது" என்ற விளக்கத்தைச் சரி என்றார்கள்.

அது தவறு. மாறுவது உடம்பு அல்ல, கிருமி. இந்த ஒரு வரி மாணவன் மனதில் பதிந்தால் மீதிப் பாடம் தானாக வந்துவிடும். "நான்தான் மாத்திரையே போடுவதில்லையே, எனக்கு வராது" என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் தேவையில்லாமல் விழுங்கியதில் பழகிக்கொண்ட கிருமி, மாத்திரையே போடாதவருக்கும் தொற்றும். ஆண்டிபயாடிக்கைத் தப்பாகப் பயன்படுத்துவது சொந்த உடம்போடு முடிகிற விஷயமில்லை என்பது இங்கேதான் புரியும்.

தமிழில் இதைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோயைத் தடுக்கும் உடம்பின் வலிமைக்கு 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்கிறோம். ஆண்டிபயாடிக்குக்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பி', 'நுண்ணுயிர் எதிர்ப்பொருள்' என்றெல்லாம் எழுதுகிறோம். இரத்தத்தில் உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடிக்கும் 'எதிர்ப்பொருள்' என்றே பெயர். கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதற்கு 'நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்' என்கிறோம். நான்கு வெவ்வேறு விஷயங்கள், நான்கிலும் 'எதிர்ப்பு'. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்தி கூடவேண்டும் என்று கபசுரக் குடிநீர் குடித்த பிள்ளையிடம் போய் 'எதிர்ப்புத் திறன் பெருகுகிறது, ஆபத்து' என்றால் அவன் என்ன நினைப்பான்? நல்லதுதானே என்று நினைப்பான். தேர்வில் எழுத அந்தக் கலைச்சொற்கள் இருக்கட்டும். வகுப்பில் விளக்கும்போது 'மருந்துக்கு மசியாத கிருமி' என்றே சொல்லலாம். யார் மசியவில்லை என்ற குழப்பம் அதில் இல்லை.

கிருமி எப்படி மசியாமல் போகிறது என்பதை வீட்டுச் சமையலறைப் பொருளிலேயே காட்டிவிடலாம். 30 வெள்ளை மொச்சை, 2 கறுப்பு மொச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, மருந்துக்குச் சாகும் கிருமி. கறுப்பு, மசியாத கிருமி. முதலில் 16 இல் ஒன்றுதான் கறுப்பு. சளிக்கு ஒரு ஆண்டிபயாடிக் விழுங்கியதாக வைத்துக்கொண்டு 25 வெள்ளையை எடுத்துவிடுங்கள். மீதி 5 வெள்ளை, 2 கறுப்பு. இடம் காலியாகிவிட்டது, இருப்பவை பெருகும். இரண்டு முறை இரட்டிப்பாக்கினால் 20 வெள்ளை, 8 கறுப்பு. அடுத்த மாதம் இன்னொரு மாத்திரை: 17 வெள்ளை போக 3 மிஞ்சும், கறுப்பு 8 அப்படியே. ஒருமுறை இரட்டித்தால் வெள்ளை 6, கறுப்பு 16. பத்து நிமிடத்தில் கூட்டத்தின் நிறமே மாறிவிட்டது. மருந்து எந்தக் கிருமிக்கும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கறுப்புக்குப் போட்டியாக இருந்தவற்றை அகற்றிக்கொடுத்தது, அவ்வளவுதான். அந்தச் சளி வைரஸ் இந்த விளையாட்டிலேயே இல்லை என்பதையும் மாணவர்களே கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

இதில் இன்னொரு விவரம் உண்டு. கறுப்பு தன் குஞ்சுகளுக்கு மட்டும் இந்தக் குணத்தைக் கொடுப்பதில்லை. பக்கத்திலிருக்கும் வேறு இனக் கிருமிக்கும் அந்த மரபணுவைக் கைமாற்றிவிடும். ஒருவன் எழுதிய விடையை வகுப்பே காப்பி அடிப்பது போல. தப்பான விடையாக இருந்தால் பரவாயில்லை, இது சரியான விடை.

இதற்கு உதாரணம் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. 2010 ஆகஸ்டில் 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கார்பபெனம் என்ற, கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த ஆண்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதி இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளில் இருந்ததை அது சொன்னது. சென்னையில் எடுத்தவற்றில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37. கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாட்டில் பெரிய சர்ச்சை எழுந்தது. பெயரைப் பற்றி நாடாளுமன்றம் வரை பேசினார்கள். கிருமியைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அடுத்த ஆண்டே டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51 இலும் அதே மரபணு இருப்பதாக இன்னொரு ஆய்வு சொன்னது. பக்தர்களும் பட்டு வாங்க வருவோரும் நாள்தோறும் வந்து போகும் காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை.

சென்னையில் எழுந்த குரல்

2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். அங்கிருந்து வந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'. அதை ஒருங்கிணைத்தவர் சென்னையில் பணியாற்றும் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். நம் சமுதாயத்து வாசகர்களில் பலருக்கே இந்தப் பெயர் தெரியாது என்பது வருத்தம். அந்தப் பிரகடனத்தின் சிறப்பு, அது நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை என்பது. நாளையே எல்லாக் கடையிலும் எல்லா ஆண்டிபயாடிக்கையும் தடுத்துவிடு என்றால், டாக்டரே இல்லாத கிராமத்தில் பிள்ளை நிமோனியாவில் சாகும். முதலில் மிக முக்கியமான மருந்துகளுக்குக் கட்டுப்பாடு, பிறகு படிப்படியாக மற்றவை என்ற நடைமுறை வழியை அது சொன்னது.

2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஹெச்-1' பட்டியல் ஏறக்குறைய அந்த வழியில்தான் இருக்கிறது. அதில் 46 மருந்துகள், அவற்றில் 24 ஆண்டிபயாடிக். செஃபிக்சிம் போன்றவை இதில் வரும். இவற்றை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை பழைய 'ஹெச்' பட்டியலில். அதற்கும் சீட்டு கட்டாயம்தான். சட்டத்தில்.

சட்டம் இருந்தும் நடக்காததற்குக் காரணம் கடைக்காரரின் பேராசை மட்டும் என்று முடித்துவிடுவது எளிது. நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு கடைக்காரர் மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அடுத்த கடையில் கிடைக்கும். வாங்குகிறவரே கேட்காமல் இருந்தால்தான் முதல் கடைக்காரருக்கு மறுக்கத் துணிவு வரும்.

ஃபிளெமிங் சொன்ன கதை

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூல்களில் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பாடம் இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928 இல் பென்சிலினைக் கண்டுபிடித்தது எந்த மாணவனைக் கேட்டாலும் வரும். ஒரு மதிப்பெண் வினா. ஆனால் அதே ஃபிளெமிங் 1945 டிசம்பர் 11 அன்று நோபல் பரிசு உரையில் சொன்ன கதை எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்சிலின் வாங்கித் தானே போட்டுக்கொள்கிறார். கிருமி சாகும் அளவுக்குப் போடவில்லை, அது பழகிக்கொள்ளும் அளவுக்குப் போட்டார். பிறகு அவரிடமிருந்து மனைவிக்கு அது தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா. பென்சிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. அவர் இறந்துபோகிறார். சாவுக்கு யார் காரணம் என்று கேட்டார் ஃபிளெமிங். பென்சிலின் மக்களுக்குப் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அன்றைக்கே அவர் கண்ணில் பட்டது, இன்று நம் தெருமுனையில் நடக்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான். பாடநூலில் 1928 ஐ மனப்பாடம் செய்யவைக்கும் நாம், 1945 ஐயும் அரைப் பக்கத்துக்குச் சேர்த்திருக்கலாம்.

அவர் பயந்தபடியே நடந்தது. 2022 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வந்த கணக்கின்படி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019 இல் மட்டும் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர். அதோடு தொடர்புடைய சாவுகள் 49.5 லட்சம். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆய்வகத்தில் உறுதியான பாக்டீரியாத் தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்றும், இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மூன்றில் ஒன்றும் மருந்துக்கு அடங்கவில்லை என்றது.

மருந்தைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது

வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. 'ஆண்டிபயாடிக் விஷம்' என்ற எண்ணத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்று சொல்லும் கூட்டம் போதுமான அளவு இருக்கிறது. தேவையானவருக்கு மருந்து கிடைக்காமல் போவதும் இந்த நாட்டின் பிரச்சினைதான். மிகக் கடுமையான, மருந்துக்கு அடங்காத தொற்று வந்தவர்களைப் பற்றி இந்தியா உட்பட எட்டு நாடுகளின் தகவலை வைத்து 2025 இல் ஓர் ஆய்வு வந்தது. சரியான மருந்து கிடைத்தவர்கள் 100 க்கு 7 பேருக்கும் குறைவு.

இங்கே சென்னையின் இன்னொரு பெருமையைச் சொல்லத் தோன்றுகிறது. 1956 இல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல சாப்பாடு, காற்றோட்டம் வேண்டும் என்பதே மருத்துவம். சென்னையின் நெரிசலான ஏழை வீடுகளில் வாழ்ந்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கு அவர்களும் குணமானார்கள். 1959 இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒழுங்காகப் போடுகிறாரா என்று ஒருவர் கவனித்தால், ஓலைக் குடிசையிலும் மருந்து தன் வேலையைச் செய்யும் என்பது அங்கே நிரூபணமானது.

அந்தக் கவனிப்பாளராக வீட்டிலிருக்கும் பள்ளி மாணவி இருக்கலாம். காசநோய்க்கு ஆறு மாத மாத்திரையை இரண்டாம் மாதமே 'இருமல் நின்னுடுச்சு' என்று நிறுத்துகிற தாத்தாக்கள் நம் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். நிறுத்தினால் திரும்ப வருவது மருந்துக்கு மசியாத காசநோயாக இருக்கலாம். அதன் சிகிச்சை நீளமானது, கடினமானது. மற்றச் சாதாரணத் தொற்றுகளுக்கு எத்தனை நாள் என்பதில் மருத்துவ உலகிலேயே இப்போது விவாதம் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் நீண்ட கோர்ஸ் தேவையில்லை என்று 2017 இல் 'பி.எம்.ஜே.' இதழில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு 'ஐந்து நாள்', 'ஏழு நாள்' என்று எண் சொல்லித்தர வேண்டாம். மருத்துவர் சொன்ன நாள்வரை. மிஞ்சிய மாத்திரையை டப்பாவில் எடுத்துவைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதே. இது போதும்.

பழியை எல்லாம் தறிக்காரர் வீட்டின் மீதும் அவர் பிள்ளையின் மீதும் போடுவதற்கு நாம் இதை எழுதவில்லை. நாட்டின் 20 பெரிய மருத்துவமனைகளில் 2021-22 இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கில், உள்நோயாளிகளில் 71.9 சதவீதம் பேருக்கு ஆண்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர்கள் படித்த மருத்துவர்கள். பக்கத்து வேலூரில் 2003 முதல் 2005 வரை சி.எம்.சி. மருத்துவர்கள் கடைகளிலும் கிளினிக்குகளிலும் பார்த்தபோதும் நூற்றுக்குச் சுமார் 40 பேர் கையில் ஆண்டிபயாடிக்கோடு திரும்பினார்கள். ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரில் சிப்ரோஃபிளாக்சசின் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007 இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதற்கு 2019 இல்தான் தடை வந்தது. இவர்களையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு செட் மாத்திரை வாங்கும் பிள்ளையிடம் மட்டும் கணக்குக் கேட்பது நியாயமாகாது. மாலை 6 மணிக்கு மேல் தறியை விட்டு எழுந்து போனால் பார்க்க ஒரு அரசு மருத்துவர் பக்கத்திலேயே இருந்தால், பாதிப் பிரச்சினை வகுப்பறை வரை வரவே வராது.

ஆனாலும் பள்ளியில் செய்யக்கூடியதைச் செய்யாமலிருக்க அது சாக்காகாது. பிரிட்டன் சுகாதாரத் துறையினர் முன்னின்று, ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு உருவாக்கிய 'ஈ-பக்' பள்ளிப் பாடங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. நம் நாட்டில் 2018 முதல் 'சூப்பர்ஹீரோஸ் அகெய்ன்ஸ்ட் சூப்பர்பக்ஸ்' என்ற முயற்சியில் பள்ளி மாணவர்களே இதைப் பற்றிச் சித்திரக்கதை வரைகிறார்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 ஆம் வகுப்புக்கு எளிய அறிவியல் சோதனைகளைக் கொண்டுவந்தது. மொச்சை விளையாட்டு அதற்கு அப்படியே பொருந்தும். ஒன்பதுக்கும் பத்துக்கும் உயிரியல் ஆசிரியர் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் நிறைய. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அவர்கள் தொடங்கலாம். முடிந்தால் அந்தத் தெருவிலேயே மெடிக்கல் வைத்திருக்கும் மருந்தாளுநர் ஒருவரை வகுப்புக்கு அழைக்கட்டும். பிள்ளைகள் நாளைக்கு அவர் கடைக்குத்தான் போகப் போகிறார்கள். அவர் வாயாலேயே "டாக்டர் சீட்டு இல்லாம ஆண்டிபயாடிக் கேக்காதீங்க, நானும் தர மாட்டேன்" என்று ஒருமுறை சொன்னால், பிறகு கடையில் அந்தப் பேச்சு இருவருக்குமே சங்கடமாக இருக்காது. பெற்றோர் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் இதற்குத் தரலாம். மாத்திரை வாங்கக் காசு கொடுத்து அனுப்புவது அவர்கள்தானே.

உலக விழிப்புணர்வு வாரம் ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை. காலாண்டுத் தேர்வு முடிந்து, அரையாண்டுத் தேர்வு இன்னும் தொடங்காத நேரம். வடகிழக்குப் பருவமழையில் காஞ்சிபுரத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்கி, வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருப்பதும், மெடிக்கல் கடை வாசலில் சீருடையோடு பிள்ளைகள் நிற்பதும் அதே வாரங்களில்தான்.